மெயினை இறக்கிய கை

காவ்யா மாமனாரின் போனை வாசல் ஜன்னலின் விளிம்பில் வைத்தாள். வைத்துப் பார்த்துவிட்டு இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். சிக்னல் கோடு இரண்டு. வலப்பக்கம் நகர்த்தி, கம்பியோடு ஒட்டிச் சாய்த்து நிறுத்தினாள். மூன்று. அதற்குமேல் அந்த வீட்டில் எங்கே வைத்தாலும் வராது.

"மாமா, இது இப்படியே இருக்கணும். ஒண்ணரை மணி நேரம். யாரும் தொடக் கூடாது."

"நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்."

"கால் வந்தாலும் எடுக்காதீங்க. பழைய போன் இது. காலை எடுத்தா நெட்டு நின்னுடும்."

"எமன் கூப்ட்டாலும் எடுக்கல. நீ போய்ப் பரிச்சைய எழுது."

தங்கவேல் பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காவல் இருப்பது அவருக்குப் பிடித்த வேலை. யாரையும் நம்பாத மனுஷனுக்கு வேறு எந்த வேலை பிடிக்கும்?

திருமுல்லைவாயிலில் அவர்கள் தெருவைக் கால்வாய்க்காகத் தோண்டிய இயந்திரம் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துத் தோண்டிப் போட்டுப் பத்து நாளாகிறது. கேபிள்காரன் வருகிறேன் வருகிறேன் என்கிறான். காவ்யாவின் போனுக்கு வீட்டுக்குள் சிக்னலே கிடையாது. மாமனார் போனில் இருக்கும் சிம்முக்கு மட்டும், இந்த ஒரு ஜன்னலில் மட்டும், கிடைக்கும். அந்த நெட்டைத்தான் ஹாட்ஸ்பாட் போட்டு உள் அறையில் இருக்கும் லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் அதைச் சொன்னபோது தங்கவேல் நம்பவில்லை.

"கம்பி இல்லாம எப்டிப் போவும்?"

"காத்துல போவும் மாமா."

"அப்ப தெருவுல போறவன் புடிச்சிக்க மாட்டானா?"

"அதுக்குத்தான் பாஸ்வேர்டு. நீங்க மறக்கவே மறக்காத நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. "நானூத்திப் பதினேழு."

மண்ணூர்பேட்டையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் அவர் தினம் வருகைக்குக் குத்திக்கொண்டிருந்த டோக்கன் நம்பர் அது. காவ்யா அதற்கு முன்னால் 'டோக்கன்' என்ற சொல்லைச் சேர்த்துப் பாஸ்வேர்டாகப் போட்டாள். நெட்டுக்கு 'தங்கவேல்' என்றே பெயர் வைத்தாள். லேப்டாப் திரையில் தன் பெயர் வந்து நின்றதைப் பார்த்தபோது அவருக்குள் ஏதோ குளிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று இரண்டு முறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

காவ்யாவுக்கு இந்தப் பரீட்சை சும்மா இல்லை. மகள் சிம்ரன் வயிற்றில் இருந்தபோது விட்ட வேலை. நாலு வருஷமாகத் தேடி, இன்சூரன்ஸ் காகிதங்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் இரண்டு சுற்று தாண்டியிருந்தாள். இது மூன்றாவது, கடைசி. குழந்தையைப் பூந்தமல்லியில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு கம்பெனி.

அவள் கணவன் அருளுக்கு இதில் அரை மனசுதான். போன மாசம் வரைக்கும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இந்தப் போனுக்கு ரீசார்ஜ் போடச் சொல்லி அவள் மூன்று நாளாகச் சொல்ல, இன்று காலை எட்டரை மணிக்குத்தான் போட்டான். அதற்கே அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவன் பின்பக்கத்தில் சவரம் செய்துகொண்டிருந்தான். மதியம் இரண்டு மணி ஷிப்ட்.

மணி பத்து. அறைக் கதவு சாத்தப்பட்டது.

தங்கவேல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டி வெளிச்சம் வரவைத்துப் பார்த்தார். தொடக் கூடாதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு யார் காவல் இருப்பது? அஞ்சாம் வகுப்பு வரை படித்த படிப்பில் எழுத்துக் கூட்டி வாசித்தார். 'இணைந்துள்ள சாதனங்கள்: 1.' ஒன்று என்றால் காவ்யாவின் லேப்டாப். சரி.

பத்து இருபதுக்குத் தட்டினார். 'இணைந்துள்ள சாதனங்கள்: 2.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டேதான்.

ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டு வேப்ப மரத்தடியில் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். முதுகில் பெட்டி மாதிரிப் பெரிய பை. கையில் போன். தலையைக் குனிந்து அதையே தடவிக்கொண்டிருந்தான். ஒரு தரம் நிமிர்ந்து இந்த வீட்டைப் பார்த்தான்.

போன வாரம் நடந்த கூத்து அவர் நெஞ்சில் வந்து இடித்தது. போலீஸ் சட்டை போட்ட ஒருவன் இதே போனில் வீடியோவில் வந்து, உன் நெட்டை வேறு எவனோ எடுத்துக் குற்றம் செய்திருக்கிறான், எழுந்திரிக்காதே, ஆதார் அட்டையைக் காட்டு என்று மிரட்டினான். தங்கவேல் அரை மணி நேரம் கால் மரத்துப்போக அப்படியே உட்கார்ந்திருந்தார். காவ்யா வந்து பார்த்துப் பிடுங்கி அணைத்தாள். அவன் திருடன். அதுவரை சரி. அதற்குப் பிறகுதான் சிரிப்பு. "நைனா அரெஸ்ட் ஆயிட்டாரு" என்று அருள் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். காவ்யாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்கு நாள் ஓடியது அந்தச் சிரிப்பு.

இப்போது பின்பக்கம் போய் அருளைக் கேட்கலாம். டேய், ரெண்டுன்னு காட்டுது, இன்னான்னு பாரு என்று ஒரு வார்த்தை. கேட்டால் மறுபடி சிரிப்பான்.

அவர் கேட்கவில்லை.

கம்பெனியில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. மெஷின் பக்கத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் யாரையும் கேட்காதே, யோசிக்காதே. முதலில் மெயினை இறக்கு, கரண்டை நிறுத்து. கேள்வி எல்லாம் அப்புறம். ஒரு நாள் உடன் வேலை பார்த்த செல்வகுமார் பிரஸ் மெஷினுக்குள் கையை விட்டு எதையோ எடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்து, சூப்பர்வைசரைக்கூடக் கேட்காமல் அந்த லைன் முழுவதற்கும் மெயினை இறக்கியவர் தங்கவேல். அன்றைக்கு வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆனால் செல்வகுமாருக்கு இன்றைக்கும் பத்து விரல் இருக்கிறது.

அந்தக் கைதான் போனை எடுத்தது. காவ்யா காட்டிக்கொடுத்த இடத்தில் அழுத்தி அணைத்தது.

மரத்தடிக்காரன் போனைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"மாட்டிக்கினியா மவனே" என்று தங்கவேல் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பைக் முனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, நெட்டை மறுபடி போட்டார். ஒழுங்காகச் சாய்த்து நிறுத்தினார். நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். ஐந்தே இருக்கட்டும். அந்த நேரத்தில் யார் குடி முழுகிவிடும்?

பத்தரைக்கு அறைக் கதவு திறந்தது.

காவ்யா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போச்சு மாமா."

"இன்னா போச்சு?"

"நடுவுல நெட்டு கட்டாயிடுச்சு. திரும்ப வந்தப்ப உள்ள விடல. பரீட்சை முடிஞ்சதுன்னு காட்டுது." அவள் ஜன்னலிடம் வந்து போனைப் பார்த்தாள். "இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க இங்கதானே இருந்தீங்க? என்ன ஆச்சு?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கத்தான் செய்தது.

"கோடெல்லாம் போச்சு. தானா வந்துச்சு. நான் இன்னாத்தக் கண்டேன்."

சத்தம் கேட்டு அருள் வந்தான். பாதி முகத்தில் சோப்பு நுரை.

"இன்னா ஆச்சு?"

"உங்களால ஆச்சு." காவ்யா திரும்பினாள். "மூணு நாளா பெரிய பேக் போடுங்க, பெரிய பேக் போடுங்கன்னு சொன்னேன். இன்னிக்குக் காலைல எதையோ போட்டுட்டு வந்திருக்கீங்க. பாதியில தீந்துபோச்சு. தீந்தா இப்படித்தான் நின்னு நின்னு வரும்."

"ஏய், நான் பெரிசுதான் போட்டேன்."

"போட்டா ஏன் நிக்குது? எல்லாரு ஊட்லயும் இப்படித்தான் நிக்குதா? நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் புடிக்கல. அத்த நேரா சொல்லியிருக்கலாம்."

"புடிக்கலன்னா நான் ரீசார்ஜே போட்டிருக்க மாட்டேன்டி." அருள் அப்பாவைப் பார்த்தான். "நைனா, நீ சொல்லு. போட்டேன்னு உன் போனுக்கு மெசேஜ் வந்துதா இல்லியா?"

வந்தது. எட்டு நாற்பதுக்கு டிங் என்று வந்தது. தங்கவேல் பார்த்தார்.

"நீ எந்த வேலைய முழுசா செஞ்சிகீற?" என்றார் தங்கவேல்.

அவர் வாயிலிருந்துதான் வந்தது. சொன்ன மறுவினாடியே அது தன் குரலா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அருள் துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மறு பாதி சவரம் செய்யவில்லை.

காவ்யா அதே ஜன்னலில் நின்று, மாமனார் போனிலிருந்தே கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினாள். பதினைந்து நிமிஷம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் எடுத்தாள். எதனால் இணைப்பு அறுந்தது என்று மூன்று மணிக்குள் மெயில் எழுத வேண்டும். காரணம் சரியாக இருந்தால் இன்னொரு நாள் தருவார்கள். காரணம் பொய் என்று தெரிந்தால் பெயரையே எடுத்துவிடுவார்கள். மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

"உண்மையத்தான் எழுதப் போறேன்" என்றாள் காவ்யா, யாரையும் பார்க்காமல். "டேட்டா தீந்துபோச்சுன்னு."

ஒரு மணிக்கு அருள் கிளம்பினான். தங்கவேலின் மனைவி வேம்புலியம்மாள் டிபன் பாக்ஸை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"ஒரு வாய் துன்னுட்டாவது போடா."

"வேணாம்மா."

வாசலில் செருப்பை மாட்டும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகச் சொன்னான்.

"நைனா, நெசமாவே போட்டேன்."

முப்பத்தி நாலு வயசு ஆம்பளை. பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்த நாளில் நின்ற மாதிரி நின்றான். தங்கவேல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருள் போய்விட்டான்.

அதற்கப்புறம் அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்க மாமா? மெயில் அனுப்பணும், போன் வேணும்."

"சார்ஜர் குத்துற எடம் லூசாக் கீது. காட்டிட்டு வந்துர்றேன்."

"ரெண்டரைக்குள்ள வந்துடுங்க."

இது இரண்டாவது பொய். இல்லை, மூன்றாவது. எண்ணிக்கொண்டே நடந்தார்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் கஸ்தூரியின் மொபைல் கடை. ஒரு ஆள் நிற்கும் அகலம். கஸ்தூரி ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பெரியவரே, மறுபடியும் போலீஸ்காரன் கூப்ட்டானா?"

அந்தக் கதை ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்கிறது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் போனை நீட்டினார்.

"இதுல நெட்டு தீந்துபோச்சான்னு பாரு."

அவள் இரண்டு தடவல் தடவினாள். "யாரு சொன்னது? பெரிய பேக்கு போட்டுகீது. காலைல எட்டு நாப்பதுக்கு. கால்வாசிகூட ஓடல. யாரு போட்டது?"

"என் பையன்."

"விவரமான ஆளுதான்."

தங்கவேல் கிட்டே குனிந்தார். "இந்த ஹாட்ஸ்பாட்டுல திருடன் யாராவது பூந்தா தெரியுமா?"

"எங்க, பாக்கலாம்." கொஞ்ச நேரம் தேடினாள். "இதுவரைக்கும் ரெண்டு பேருதான் சேர்ந்துகீறாங்க. ஒண்ணு காவ்யா லேப்டாப். இன்னொண்ணு காவ்யா போன்."

"இன்னா பேரு சொன்ன?"

"காவ்யா போன். உங்க மருமவதானே? தோ, பேரே எழுதிகீதே."

"தெருவுல நின்னவன்?"

"பாஸ்வேர்டு தெரியாம எவனும் வர முடியாது பெரியவரே. யாருக்குனா சொன்னீங்களா?"

நானூற்றுப் பதினேழு. அந்த நம்பரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள்.

கடை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்ததைக் கேட்டார்.

"நடுவுல யாரு அணைச்சாங்கன்னு இதுல எங்கனா எழுதி வச்சிருக்குமா?"

"அதெல்லாம் வைக்காது. போன் இன்னா ரிஜிஸ்டரா?" கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், யாரு அணைச்சது?"

"சொம்மா கேட்டேன்."

வெயிலில் இறங்கி நடந்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த ஜென்மத்தில் ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கடைக்கே வந்தார். இருக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் அவர் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்பட்டிருக்கிறார். கேன்டீன்காரனை, யூனியன்காரனை, பேங்க்காரனை. ஒரு நாள்கூடத் தன்னைச் சந்தேகப்பட்டதில்லை.

அருளும் பிரஸ்ஸில்தான் நிற்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு வெட்டும் பிரஸ். வயிற்றில் ஒன்றும் இல்லாமல், மனசு கொதித்துக்கொண்டிருக்கும்போது அதன் முன்னால் போய் நிற்பது என்ன என்று தங்கவேலுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஓரமாக நின்று அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது. ஷிப்ட்டுக்குள் போனால் போனைக் கம்பெனி கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். அஞ்சரை மணி டீக்குத்தான் எடுப்பான்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டே கால். அடுப்பு மேடையில் அருளின் டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

"அவனும் துன்னல, அவளும் துன்னல" என்றாள் வேம்புலியம்மாள். "நீயாவது கொட்டிக்கினு போ. எங்கியா சுத்திட்டு வர?"

காவ்யா ஹாலில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பை. அதில் நாலு நாளைக்கான துணி.

"மெயில் போட்டுட்டு பூந்தமல்லி போறேன் மாமா. சிம்ரனோட கொஞ்ச நாள் அங்கியே இருக்கேன்." போனுக்காகக் கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"இன்னா எழுதிகீற?"

"என் கணவர் போதுமான அளவு ரீசார்ஜ் செய்யத் தவறியதால்னு எழுதியிருக்கேன்."

"அத்த அழி."

"மாமா?"

"அவன் மேல எழுதாத. அழி." தங்கவேல் நாற்காலியில் உட்காராமல், அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். முட்டி மடக்க நேரமாயிற்று. "நான்தான் அணைச்சேன்."

காவ்யாவுக்குப் புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். ரெண்டு என்று காட்டியது, மரத்தடியில் நின்றவன், கம்பெனியில் மெயினை இறக்குகிற மாதிரி அணைத்தது, எல்லாவற்றையும் சொன்னார். கடைக்குப் போய்க் கேட்டதையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

"அந்த ரெண்டாவது என் போனு மாமா. நடுவுல திடீர்னு கேமராவுல பாத்துட்டிருந்த சார், இன்னொரு போனைப் பின்னாடி கேமராவா வைங்கன்னாரு. கதவைத் திறந்து உங்களுக்குச் சொல்ல முடியல." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஒரு குரல் குடுத்திருக்கலாமே. அவரு பின்னாடிதானே இருந்தாரு. ஏன் கேக்கல?"

"கேட்டா சிரிப்பீங்க."

காவ்யா லேப்டாப் மூடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சமையலறை வாசலில் நின்ற வேம்புலியம்மாள் பேசினாள். "அணைச்சத வுடுய்யா. தெரியாம செஞ்சிட்ட. பெத்த புள்ள கண்ணு எதிர்ல நின்னு போட்டேன் நைனா, போட்டேன் நைனான்னு சொன்னானே. அப்ப உன் வாய்ல இன்னா இருந்துச்சு?"

"இன்னா வேம்பு சொல்லச் சொல்ற?"

"ஒண்ணும் சொல்லாத. அவன் வரட்டும், அவன்கிட்ட சொல்லு."

காவ்யா மெயிலை முழுவதும் அழித்தாள். அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். ஒரு இடத்தில் நிமிர்ந்தாள்.

"மெயினை இறக்கினேன்னே எழுதட்டுமா மாமா?"

அது கிண்டலா, கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்கு அது வேண்டியதுதான்.

"எழுது."

இரண்டு ஐம்பதுக்கு மெயில் போனது. போனை அவரே ஜன்னலில் பழைய இடத்தில் சாய்த்து வைத்தார். துணிப்பை அங்கேயே இருந்தது. அவள் அதை எடுத்து உள்ளே வைக்கவுமில்லை, தோளில் மாட்டவுமில்லை.

மூன்றரைக்குப் பதில் வந்தது. காவ்யா இரண்டு முறை படித்தாள்.

"நாலு மணிக்கு வீடியோவில பேசணுமாம். நான் இல்ல. அணைச்சவங்க பேசணுமாம். அடையாள அட்டை கையில இருக்கணும்."

தங்கவேல் நிமிர்ந்தார். "போன வாரம் அவனும் இதையேதான் கேட்டான்."

"தெரியும் மாமா. அதான் மாடிக்குப் போய் என் போன்லருந்து அவங்க உதவி நம்பருக்கே பேசிக் கேட்டுட்டு வரேன்." போய் வந்தாள். "அவங்கதான். நெசம்."

"நான் பேசினா உனக்குக் குடுத்துருவாங்களா?"

"தெரியல. நீங்க பேசலன்னா குடுக்க மாட்டாங்க. அது தெரியும்."

அவர் எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். ஆதார் அட்டையை எடுத்தார். லேப்டாப்பை ஹாலில் ஸ்டூல் மேல் வைத்து, அவர் முகம் தெரியும்படி காவ்யா திருப்பினாள். திரையின் மூலையில் நெட்டின் பெயர் தெரிந்தது. அவர் பெயர். நேற்றுக் குளிர்ந்த இடத்தில் இப்போது எரிந்தது.

நாலு மணிக்கு ஒரு முகம் வந்தது. கண்ணாடி போட்ட இளவயசு ஆள்.

"வணக்கம் ஐயா. நான் ஸ்ரீநாத், தேர்வுப் பிரிவு. உங்க பேரு?"

"தங்கவேலு."

"அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க. சரி. இன்னும் கிட்ட. நன்றி. இப்ப நான் கேக்கறதுக்கு உங்க வாயால பதில் சொல்லணும். பக்கத்துல இருக்கறவங்க எதுவும் சொல்லக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. இந்தப் பேச்சு பதிவாகுது."

"கேளுங்க சார்."

ஜன்னலில் போன் அதிர்ந்தது. கம்பியில் பட்டு நறநறவென்றது. அங்கிருந்தே திரையில் பெயர் தெரிந்தது. அருள்.

தங்கவேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐந்து. டீ அஞ்சரைக்கு. போன் பெட்டியில் இருக்க வேண்டும்.

மணி அடித்து நின்றது.

"ஐயா, கவனிக்கிறீங்களா? இன்னிக்குக் காலைல தேர்வு நடந்துட்டு இருந்தப்ப..."

மறுபடி அதிர்ந்தது. வேம்புலியம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"அருளுய்யா, அருளு கூப்புட்றான்."

"அத்தை, எடுக்காதீங்க. எடுத்தா கட்டாயிடும்" என்றாள் காவ்யா. சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

வேம்புலியம்மாளின் கை ஜன்னலுக்குப் பாதியில் நின்றது. இரண்டாவது மணியும் ஓய்ந்தது.

ஷிப்ட்டின் நடுவில் ஒருத்தன் கையில் போனைக் கொடுக்கிறார்கள் என்றால் அடிபட்டால்தான் கொடுப்பார்கள் என்று அந்த வீட்டில் தங்கவேலுக்குத்தான் நன்றாகத் தெரியும். இல்லை, கூப்பிடுவது அவனே இல்லையோ. அவன் போனிலிருந்து வேறு யாரோ.

"ஐயா, ஏதாவது பிரச்சினையா? வேணும்னா பேச்சை முடிச்சிக்கலாம். ஆனா மறுபடி நேரம் தர முடியாது."

மூன்றாவது முறையாகப் போன் அதிரத் தொடங்கியது.

வலது கை தானாக எழுந்தது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். தப்பாக ஏதாவது தெரிந்தால் முதலில் எழும் கை. அவர் அதை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கி, அதன் மேல் ஆதார் அட்டையையும் வைத்து அழுத்திக்கொண்டார். பக்கத்தில் காவ்யா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. திரையில் இருந்த ஆளை நேராகப் பார்த்தார்.

"நான்தான் சார் அணைச்சேன்" என்றார். "என் பையன் மேல ஒரு தப்பும் இல்ல. அவன் செய்ய வேண்டியத முழுசா செஞ்சான்."

ஜன்னல் கம்பியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.